பெரம்பூரில் ரயிலேறி டார்ஜிலிங் போவது எப்படி

டார்ஜிலிங் போக யோசனை கேட்டு எங்கள் தெருப் பெண்கள் வந்தால் முதலில் பேக்கேஜ் நோட்டீஸை வாங்கி ஓரமாக வைத்துவிடுவேன். ஏழே நாளில் டார்ஜிலிங், காங்டாக், பெல்லிங், நாதுலா எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்று போட்டிருப்பார்கள். காட்டுவார்கள்தான், ஜீப் கண்ணாடி வழியாக. அந்த மலைப்பாதையில் 70 கிலோமீட்டர் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வளைவுக்கு வளைவு ஒருத்தர் வாந்தி எடுத்தால் இன்னும் நேரமாகும். சென்னையிலிருந்து போய்ச்சேரவே ரயிலில் இரண்டு ராத்திரி, திரும்பி வர இரண்டு ராத்திரி. இவ்வளவு தூரம் போகிறவர்கள் டார்ஜிலிங் போகும் வழியிலுள்ள குர்சியாங்கில் இரண்டு நாள், டார்ஜிலிங்கில் நாலு நாள் நிதானமாக இருந்துவிட்டு வாருங்கள். மற்ற ஊர்களெல்லாம் சிக்கிம், அதை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

நான் வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருப்பவள். வீட்டுக்காரர் பெரம்பூர் ரயில்வே கேரேஜில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் அவருக்கு ரயில், எனக்குத் துணி. அதனால் சூரிய உதயம் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மலைக்குக் கீழே நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் நியூ ஜல்பாய்குரி. சென்ட்ரலிலிருந்து அங்கே நேராகப் போகும் ரயில் வாரத்துக்கு ஒரு முறைதான். ஆனால் பெங்களூரிலிருந்து குவாஹாத்தி பக்கம் போகும் ரயில்களில் சில, சென்ட்ரலுக்குள் வராமல் பெரம்பூரில் நின்றுவிட்டு அப்படியே வடக்கே போய்விடும். டிக்கெட் தேடும்போது சென்னை சென்ட்ரல் என்று மட்டும் போட்டால் இவை கண்ணில் படாமல் போகலாம். பெரம்பூர் என்று தனியாகப் போட்டுப் பாருங்கள். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் வடகிழக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போவது இந்த ரயில்களில்தான் என்பதால் ஸ்லீப்பர் சீக்கிரம் தீர்ந்துவிடும். வயதானவர்கள் இருந்தால் மூன்றடுக்கு ஏசியே நல்லது. பெரம்பூரில் வண்டி அதிக நேரம் நிற்காது. பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று முன்னமே கேட்டு, மூட்டைகளோடு அங்கேயே நின்றுகொள்ளுங்கள். முதல் நாளுக்குப் பொடி தடவிய இட்லி, இரண்டாம் நாளுக்குப் புளிசாதம். அதற்கு மேல் தாங்காது, வழியில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போது போவது? ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். அங்கே மழை என்றால் மண்சரிவு. 2025 அக்டோபர் தொடக்கத்தில்கூட ஒரே ராத்திரி மழையில் மிரிக் பக்கம் பாலமே உடைந்து உயிர்கள் போயின. அக்டோபர் பாதிக்கு மேல் நவம்பர் முடிய வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், கஞ்சன்ஜங்கா சிகரம் நன்றாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் பூவும் தேயிலையும் பார்க்கலாம், மலை பார்ப்பது அதிர்ஷ்டம். ஜனவரியில் விடியற்காலை 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடும். காசிமேட்டுக் காற்றையே குளிர் என்று சொல்கிறவர்கள் ஜனவரியைத் தொட வேண்டாம்.

சரி, துணிக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தடிமனான ஒரே ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது சரிப்படாது. ஏறும்போது வேர்க்கும், நின்றால் நடுங்கும். மூன்று மெல்லிய துணி, ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால் கழற்றிக் கழற்றிப் போடலாம். உடம்பை ஒட்டி இருப்பது பருத்தியாக இருக்கக் கூடாது. வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும், அந்த ஈரம்தான் குளிரைக் கொண்டுவரும். உள்ளே போடுகிற தெர்மல், அதன் மேல் கம்பளி, அதற்கு மேல் காற்றும் தூறலும் நுழையாத ஜாக்கெட். புடவையை விட மாட்டேன் என்கிற அக்காமார்களுக்கு நான் பிளானல் துணியில் உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். உள்ளே கம்பளி லெக்கிங்ஸ், மேலே முழுக்கை ரவிக்கை. ரவிக்கையை வழக்கத்தை விட ஒரு அங்குலம் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள், உள்ளே தெர்மல் போக வேண்டுமே. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுங்கள், அங்கே எல்லாமே படிக்கட்டு. பிளானலுக்கு எம்.சி. ரோடு போதும், சால்வைக்கு மின்ட் தெரு. ஜாக்கெட்டை மட்டும் இங்கே வாங்காதீர்கள். மலையடிவாரத்துச் சிலிகுரியில் ஹாங்காங் மார்க்கெட் என்று ஒரு கடைவீதி இருக்கிறது, டார்ஜிலிங்கிலேயே சௌக் பஜார் இருக்கிறது. குளிரில் வாழ்கிறவர்கள் வாங்குகிற இடத்தில் வாங்கினால் விலையும் குறைவு, துணியும் சரியாக இருக்கும்.

அப்புறம், துவைத்தது அங்கே காயாது. மேகம் அறைக்குள்ளேயே வந்து போகும். சாக்ஸையும் உள்ளாடையையும் தங்கும் நாட்களுக்குக் கணக்குப் பண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு அறைக்குள் மட்டும். வெளியே பிடிமானமுள்ள ஷூ வேண்டும், இல்லையென்றால் ஈரப்படியில் இடுப்பு போய்விடும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். டார்ஜிலிங் சுமார் 2,040 மீட்டர் உயரம். மூச்சுத்திணறல் நோய் வரும் அளவுக்கு உயரம் இல்லைதான், ஆனால் கடல்மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு முதல் நாள் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதற்குத்தான் முதலில் குர்சியாங் என்கிறேன். அது சுமார் 1,460 மீட்டர், பாதி வழி. உடம்பு பழகட்டும்.

நியூ ஜல்பாய்குரியில் இறங்கியதும் டாக்ஸிக்காரர்கள் முழு வண்டிக்குப் பேரம் பேசுவார்கள். நாலைந்து பேர் இருந்தால் அதையே எடுங்கள். இரண்டு பேர் என்றால் ஆட்டோ பிடித்து சிலிகுரி பஸ் நிலையத்துப் பக்கம் போனால் ஷேர் ஜீப் கிடைக்கும். சீட்டுக்கு முந்நூறு, நானூறு ரூபாய் வாக்கில் இருக்கும். பத்துப் பேரை அடைப்பார்கள். நடு வரிசையில் மூன்று சீட்டை இரண்டு பேரே எடுத்துக்கொள்வது நாங்கள் கண்ட வழி. பின் சீட்டு வேண்டவே வேண்டாம். தலை சுற்றுகிறவர்கள் வண்டி கிளம்ப அரை மணிக்கு முன்பே மாத்திரை போட்டுவிடுங்கள். டிரைவரை தாஜு என்று கூப்பிடலாம், அண்ணன். கடைக்காரப் பெண்கள் தீதி, அக்கா. இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை நடந்துவிடும், மீதிக்கு உடைந்த இந்தி போதும்.

குர்சியாங்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் அதன் அழகு. கித்தாபஹாரில் சரத் சந்திர போஸின் வீடு இருக்கிறது. 1936-ல் நேதாஜியை பிரிட்டிஷார் அங்கேதான் காவலில் வைத்தார்கள். இப்போது அருங்காட்சியகம். மகாய்பாரி தேயிலைத் தோட்டம் 1859-ல் தொடங்கியது, நடந்தே போய்வரலாம், திரும்பி வரும் ஏற்றம் மட்டும் கொஞ்சம் வதைக்கும். கடைத்தெரு நடுவே தண்டவாளம் போகிறது. காய்கறிக் கூடையை இழுத்து ஓரம் வைத்தால் ரயில் போகும், போனதும் கூடை பழைய இடத்துக்கு வரும்.

இங்கே வீட்டுக்காரரிடம் பேனாவைக் கொடுத்தால் நிறுத்த மாட்டார், நானே சொல்லிவிடுகிறேன். இந்த ரயில் பாதை 1879-ல் போட ஆரம்பித்து 1881-ல் டார்ஜிலிங் வரை முடிந்தது. தண்டவாளத்துக்கு நடுவே இடைவெளி இரண்டே அடி. ஊட்டி ரயிலுக்கு நடுவில் பல் சக்கரம் இருக்கிறதே, அது இங்கே கிடையாது. சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிப்பில் மட்டுமே ஏறுகிறது. நீராவி இஞ்சின் என்றால் முன்னால் இரண்டு ஆட்கள் உட்கார்ந்து, ஈரத்தில் வழுக்கும் இடங்களில் தண்டவாளத்தில் கையாலேயே மணல் தூவுவார்கள். ஏற்றம் அதிகமான இடங்களில் வண்டி முன்னால் போய், நின்று, பின்னாலேயே ஏறி, மறுபடி முன்னால் போகும். இந்த வேலையெல்லாம் குர்சியாங்குக்குக் கீழே, திந்தாரியா பக்கம். அங்கேதான் இந்த ரயிலுக்கான பழைய பட்டறையும் இருக்கிறது. யுனெஸ்கோ 1999-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் ஊட்டி ரயிலுக்கு அந்தப் பெருமை 2005-ல்தான் வந்தது என்பதில் அவருக்கு இன்னும் சின்ன வருத்தம்.

எல்லோரும் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்வரும் இரண்டு மணி நேர ஜாய் ரைடு எடுப்பார்கள். நீராவி இஞ்சினுக்கு ஆசைப்பட்டால் எடுங்கள், முன்பதிவு ரயில்வே தளத்திலேயே உண்டு. என் யோசனை வேறு. குர்சியாங்கிலிருந்து டார்ஜிலிங்குக்கு ஒரு பயணிகள் வண்டி போகிறது, டீசல்தான். அதில் பெட்டி படுக்கையோடு ஏறிவிடுங்கள். சுமார் 30 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். சோனாடா, கூம் வழியாக, வீட்டு ஜன்னல்களை உரசிக்கொண்டு போகும். உள்ளே அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றுகூடத் தெரியும். கூம் ஸ்டேஷன் 2,258 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையங்களில் முதல் வரிசை. கூமுக்கு அப்புறம் வண்டி ஒரு முழு வட்டம் அடித்து இறங்கும் பதாசியா வளைவு வரும். நடுவில் போரில் இறந்த கோர்க்கா வீரர்களுக்கான நினைவுத்தூண். வண்டி அன்றைக்கு ஓடுகிறதா என்று முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். ஓடாவிட்டால் ஜீப் இருக்கவே இருக்கிறது.

டார்ஜிலிங்கில் அறை எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ரோட்டிலிருந்து எத்தனை படி? வெந்நீர் எத்தனை மணிக்கு? மலையில் மழை கொட்டினாலும் ஊரில் தண்ணீர் பஞ்சம். செஞ்சல் ஏரித் தண்ணீர் அந்தக் காலத்துச் சின்ன ஊருக்காக ஏற்பாடு பண்ணியது, இன்றைய கூட்டத்துக்குப் பற்றவில்லை. சரிவெல்லாம் குழாய்கள் கட்டுக்கட்டாக ஓடும், தண்ணி லாரியும் வரும். குடத்தோடு லாரிக்கு நின்று வளர்ந்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு பக்கெட்டில் குளித்துவிட்டு வாருங்கள், ஹோட்டலில் சண்டை போடாதீர்கள்.

அங்கே பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாயும். நவம்பரில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும், எட்டு மணிக்குக் கடைத்தெரு தூங்கப் போய்விடும். நம் ஊர் மாதிரி ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று நினைத்தால் பாதி நாள் போச்சு.

டைகர் ஹில்லுக்கு ராத்திரி மூன்றரைக்கு எழுப்பி ஜீப்பில் கொண்டுபோவார்கள். சீசனில் ஆயிரக்கணக்கான தலைக்கு நடுவில் செல்போன்களைத்தான் பார்க்க முடியும். அதே கஞ்சன்ஜங்காவை, சௌரஸ்தா சதுக்கத்திலிருந்து அப்சர்வேட்டரி ஹில் என்ற குன்றைச் சுற்றிப் போகும் மால் ரோட்டில் காலை ஆறு மணிக்கு டீ கிளாஸோடு நின்று பார்க்கலாம், காசு கிடையாது. 8,586 மீட்டர், உலகத்தில் மூன்றாவது உயரம். இந்த மண்ணின் பழங்குடிகளான லெப்சாக்களுக்கு அது தெய்வம். தங்கள் முதல் மூதாதையர் அந்தப் பனியிலிருந்து வந்ததாக நம்புகிறார்கள். 1955-ல் முதலில் ஏறியவர்கள்கூட, சிக்கிம்காரர்களுக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். அப்புறம் ஏறியவர்களில் பலரும் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இது தெரிந்து பார்க்கும்போது அந்த மலை வேறு மாதிரி இருக்கிறது.

அப்சர்வேட்டரி ஹில் மேலேயே மகாகாள் கோயில். ஒரே சன்னிதியில் பூசாரி ஒரு பக்கம் மந்திரம் சொல்வார், லாமா ஒரு பக்கம் ஓதுவார். மணியும் அடிக்கலாம், பிரார்த்தனைக் கொடியும் கட்டலாம். தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வருகிற நம் ஆட்களுக்கு இது வித்தியாசமாகவே தெரியாது. குரங்கு ஜாக்கிரதை, பிரசாதப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். டென்சிங் நோர்கே பேரோடு சேர்ந்த மலையேற்றப் பள்ளியும் மிருகக்காட்சி சாலையும் ஒரே வளாகம், சிவப்பு பாண்டா அங்கேதான். வியாழக்கிழமை மூடியிருக்கும்.

ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1835-ல் சிக்கிம் ராஜாவிடமிருந்து பிரிட்டிஷார் இந்த மலையைக் கொடையாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். தேயிலை வந்ததும் கிழக்கு நேபாளத்திலிருந்து ராய், லிம்பு, தமாங் என்று பல குடிகள் தோட்ட வேலைக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாக இந்தியர்கள். 1992-ல் நேபாளி மொழி நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலேயே சேர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் போகிறவர்கள் எல்லாம் "நீங்க நேபாளமா?" என்று கேட்பது அவர்களுக்குப் பிடிக்காது. வடக்கே நம்மை ஒட்டுமொத்தமாக மதராஸி என்றால் நமக்கு எரிகிறதல்லவா? தனி மாநிலம் கேட்டு 1986-ல் பெரிய போராட்டம், 2017-ல் 104 நாள் கடையடைப்பு. கிளம்புமுன் செய்தி பாருங்கள். அங்கே போய் அரசியல் பேச வேண்டாம், அவர்கள் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் தீபாவளி சமயத்தில் போனால் அவர்களுக்குத் திகார், ஐந்து நாள் பண்டிகை. முதல் நாள் காக்காவுக்குச் சோறு. மறுநாள் நாய்க்கு. பெரும்பாலும் நாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அதே நாளில் அங்கே தெரு நாய்கள் நெற்றியில் பொட்டும் கழுத்தில் சாமந்தி மாலையுமாகத் திரியும். ராத்திரி பிள்ளைகள் வீடு வீடாகப் பாட்டுப் பாடி வருவார்கள், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வரும் தசைனில், இருட்டில் வளர்த்த மஞ்சள் நிற வாற்கோதுமை முளையைப் பெரியவர்கள் தலையில் வைத்து ஆசி கொடுப்பார்கள். நம் முளைப்பாரிதான்.

பண்டிகை நாளில் இன்னொரு லாபம், உடுப்பைப் பார்க்கலாம். மற்ற நாளில் எல்லோரும் ஜீன்ஸும் ஜாக்கெட்டும்தான், நம்மை விட நன்றாக உடுத்துவார்கள். பண்டிகைக்கு நேபாளிப் பெண்கள் சௌபந்தி சோலோ போடுவார்கள். முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்து நாலு இடத்தில் நாடாவால் கட்டும் முழுக்கை ரவிக்கை. ஹூக் கிடையாது, பட்டன் கிடையாது. குளிர் உள்ளே நுழைய வழியே இல்லை, உடம்பு பெருத்தாலும் பிரித்துத் தைக்க வேண்டாம். இதைப் பார்த்தபோது தையல்காரியாக எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. பூட்டியா, திபெத்தியப் பெண்கள் நீள அங்கிக்கு முன்னால் கோடு கோடாக ஒரு துணி கட்டியிருந்தால் கல்யாணமானவர் என்று அர்த்தம். டாக்கா துணி, தொப்பிக்கு நெய்வது, சௌக் பஜாரில் விசாரித்தால் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ரவிக்கைக்கு அருமையாக இருக்கும். 1959-ல் தொடங்கிய திபெத்திய அகதிகள் சுய உதவி மையத்தில் கம்பளி நூற்பது, சாயம் போடுவது, கம்பளம் நெய்வது எல்லாம் நேரில் பார்க்கலாம். ஞாயிறு தவிர்த்துப் போங்கள். படம் எடுக்குமுன் பாட்டிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். என் அம்மா பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர், பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டே நாங்கள் வளர்ந்தோம். அதனால் துக்பா எங்களுக்குப் பழகிய வீட்டுச் சமாச்சாரம். என்ன, புளியும் பொரித்த பூண்டும் இருக்காது, கறிச்சாறில் மிதக்கும் நூடுல்ஸ். மோமோவில் பன்றியும் மாடும் சகஜம், வேண்டாதவர்கள் முன்னமே கேளுங்கள். சைவ மோமோ எங்கும் உண்டு. சட்னியில் டல்லே என்கிற உருண்டை மிளகாய் இருக்கும், நம் காரம் தின்ற நாக்குக்கே கண்ணீர் வரும். காலையில் அரிசி மாவில் வளையம் போலப் பொரிக்கும் சேல் ரொட்டியும் உருளைக்கிழங்கு ஆலு தமும். சுர்பி என்று கல் மாதிரி ஒரு பாலாடைக்கட்டி விற்பார்கள், பல் ஆடுகிறவர்கள் தொட வேண்டாம்.

தேயிலை வாங்காமல் வர முடியாது. பெயரில்லாத பாக்கெட்டைத் தவிர்த்து, பெண் முகமும் இலையும் உள்ள டார்ஜிலிங் முத்திரையைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதல் பறிப்பு வெளிர் நிறமாக, வாசனையாக இருக்கும். மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பு கொஞ்சம் கனமானது, நமக்கு அதுதான் பிடிக்கும். பால் ஊற்றிக் கொதிக்கவிட்டால் கொடுத்த காசு வீண். மூன்று நிமிடம் வெந்நீரில் போட்டு வடிகட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஒருத்தர் இதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பேரம் பேசுமுன் ஒன்று நினைவிருக்கட்டும்: நெற்றியில் பட்டை மாட்டிக் கூடை சுமந்து அந்தச் சரிவில் பறிக்கும் பெண்ணுக்கு 2023-ல் நிர்ணயித்த நாள் கூலி 250 ரூபாய். சௌக் பஜாரில் உங்கள் பெட்டியை அதே மாதிரி நெற்றிப் பட்டையில் தூக்கிவரும் அம்மாக்களிடமும் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பும் ரயில் நாளன்று மலையிலிருந்து இறங்காதீர்கள். சரிவு விழுந்தால் ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நாளே இறங்கி சிலிகுரியில் தூங்குங்கள். ஹாங்காங் மார்க்கெட்டில் மிச்சப் பணத்தைச் செலவழிக்க அந்தச் சாயங்காலம் சரியாக இருக்கும். டிக்கெட்டில் இறங்கும் இடம் பெரம்பூர் என்று போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி பயணம் முடிந்து கம்பளி மூட்டையோடு சென்ட்ரலிலிருந்து வியாசர்பாடிக்கு ஆட்டோ பேரம் பேச உடம்பில் தெம்பு இருக்காது.